பதினோரு வருடமாகப் பாய் விரிக்கிறேன்; என் சோதனை எப்போது முடியும்?

வாசகர் கடிதம், சுருக்கமாக:

எழுதியிருப்பவருக்கு வயது 37. தென் மாவட்டம் ஒன்றில் தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை பார்க்கிறார். மனைவி, எட்டு வயதில் ஒரு மகள். தனியாக இயங்கும் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் பதினோரு வருடமாகப் போகிறார். ஞாயிறு காலை ஐந்தரைக்கே போய்ப் பாய் விரிப்பது, மைக் செட்டைச் சரிபார்ப்பது, ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பது, மூன்று வருடமாகக் காணிக்கைக் கணக்கு எழுதுவது என்று எல்லாம் இவர் தலையில். 2019-ல் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் இவர்மேல் கைவைத்து, திரளான ஜனங்களுக்குக் கர்த்தர் உங்களை மேய்ப்பனாக வைப்பார் என்று சொன்னாராம். அன்றிலிருந்து காத்திருக்கிறார்.

இடையில் பாஸ்டரின் மருமகன் வந்தார். இரண்டே வருடத்தில் உதவிப் பாஸ்டர் ஆகிவிட்டார். இவர் கேட்டால், “கர்த்தர் இன்னும் உங்களைப் புடமிடுறார் பிரதர், பொறுத்திருங்க” என்பதுதான் பதில். போன வருடம் மனைவிக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. அதுவும் ஊழியத்துக்கு முந்தின சோதனைதான் என்று இவர் எடுத்துக்கொண்டார். மனைவியிடமும் அப்படியே சொன்னார். மருத்துவமனைச் செலவுக்காகக் காணிக்கைப் பணத்தில் 22,000 ரூபாய் எடுத்து, மூன்று மாதத்தில் திருப்பி வைத்துவிட்டார். யாருக்கும் தெரியாது. இப்போது வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்துக்கு வரும் ஆறு குடும்பங்கள், “நீங்களே தனியா ஆரம்பிங்க பிரதர்” என்கின்றன. வேலையை விட்டுவிட்டு ஊழியத்தில் இறங்கிவிடலாம் என்று நினைக்கிறார். மனைவி ஒப்பவில்லை. “யோபுவின் மனைவியைப் போலப் பேசுகிறாள்” என்று எழுதியிருக்கிறார் (பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து தவித்த யோபுவிடம், தேவனைத் தூஷித்து ஜீவனை விடும் என்று சொன்னவள் அவள்). நடப்பது தேவன் வைக்கும் சோதனைதானா, அது எப்போது முடியும், சபையை விட்டு வெளியே வருவது கீழ்ப்படிதலா மீறுதலா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரரே,

உங்கள் கடிதத்தில் அதிக இடம் பிடித்திருப்பவர் பாஸ்டரின் மருமகன். அதற்கு அடுத்தபடி அந்த 2019 தீர்க்கதரிசனம். குழந்தையை இழந்ததைப் பற்றி ஐந்தாறு வரி. காணிக்கைப் பணத்தைப் பற்றி மூன்றே வரி, அதிலும் கடைசி வரி “அது முடிந்துபோன விஷயம்”. நான் இதைத் தலைகீழாகப் பார்க்கிறேன். மருமகன் விஷயம் சின்னது. நீங்கள் சுருக்கமாகச் சொல்லித் தாண்டிப் போன இரண்டும்தான் பெரியவை.

ஆனால் உங்கள் மன வேதனையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே இடத்தில் பதினோரு வருடம் உழைத்துவிட்டு, நேற்று வந்தவருக்கு மேடை கிடைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம். மைக் செட் பார்ப்பவரின் பாடு எனக்கும் தெரியும். அது சரியாக வேலை செய்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், ஒருமுறை கீச்சென்றால் சபை மொத்தமும் முறைக்கும். உங்களுக்குக் கோபம் வருவது விசுவாசக் குறைவு இல்லை. தாவீதின் சங்கீதங்களில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட புலம்பல் உண்டு.

யார் வைக்கும் சோதனை?

உங்கள் முதல் கேள்விக்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. ஊழியம் என்பது ஒரு பதவி, அதற்கு முன்னால் கர்த்தர் ஒரு பரீட்சை வைப்பார், தேறினால் நியமனம் என்று நினைக்கிறீர்கள். அதனால்தான் “எப்போது முடியும்” என்று கேட்கிறீர்கள். வேதத்தில் நான் காண்பது வேறு மாதிரி இருக்கிறது. உபாகமம் 8-ம் அதிகாரத்தில், நாற்பது வருட வனாந்தரப் பயணத்தின் நோக்கங்களில் ஒன்று ஜனங்களின் இருதயத்தில் இருப்பதை அறிவது என்று மோசே சொல்கிறார். இருதயங்களை நிறுத்துப் பார்க்கிறவருக்கு அது முன்பே தெரியாதா? தெரியும். தெரியாமல் இருந்தவர்கள் அந்த ஜனங்கள். அப்புறம், கானானுக்குள் போன பிறகும் அந்தச் சோதனை நிற்கவில்லை. நியாயாதிபதிகள் புத்தகத்தின் தொடக்கத்திலேயே மறுபடி வருகிறது.

எசேக்கியாவை எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேமுக்குத் தண்ணீர் கொண்டுவந்த, அசீரியப் படைக்கு அஞ்சாமல் நின்ற ராஜா. அவருடைய இருதயத்தில் உள்ளதையெல்லாம் அறியும்படி தேவன் அவரைச் சோதித்தார் என்று 2 நாளாகமம் 32:31 சொல்கிறது. எப்போது? அசீரியன் முற்றுகை போட்டபோது இல்லை. வியாதி நீங்கி, செல்வம் பெருகி, பாபிலோனிலிருந்து மரியாதையோடு தூதர்கள் வந்து விசாரித்தபோது. அவரும் பொக்கிஷசாலையைத் திறந்து எல்லாவற்றையும் காட்டினார். ஒதுக்கப்படுவது மட்டும்தான் சோதனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். “உங்க செய்திதான் பிரதர் எங்க உள்ளத்தைத் தொடுது” என்று வெள்ளிக்கிழமை ராத்திரி ஆறு குடும்பங்கள் சொல்கின்றனவே, மருமகனை விட அந்தப் புகழ்ச்சி உங்களை அதிகமாகச் சோதிக்கக்கூடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாஸ்டர் தன் மருமகனை முன்னுக்குக் கொண்டுவந்தது பாஸ்டரின் முடிவு. அது நியாயமில்லை என்றால் அந்த அநியாயத்துக்கும் அவரே பொறுப்பு. அதைக் கர்த்தரின் பெயரில் எழுதி வைக்காதீர்கள், அவர் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். ராஜா சவுல் தன்மேல் ஈட்டியை எறிந்தபோது கர்த்தர் தன்னைப் பக்குவப்படுத்துகிறார் என்று தாவீது அங்கேயே உட்கார்ந்திருக்கவில்லை, விலகி ஓடினார். கர்த்தர் மனிதர்களின் தவறையும் நம் நன்மைக்குப் பயன்படுத்துவார், அதை நான் நம்புகிறேன். அதற்காகத் தவறு சரியாகிவிடாது.

உங்கள் மனைவியின் இழப்பு

இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்து மாதம் சுமந்த குழந்தையை இழந்து படுத்திருந்த ஒரு பெண்ணிடம், “கர்த்தர் நம்மை ஊழியத்துக்காகப் புடமிடுறார்” என்று சொல்லியிருக்கிறீர்கள். அவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? உங்களுக்குப் பிரசங்க பீடம் கிடைப்பதற்காக அவர் பிள்ளை போனது என்று விழுந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் ஜெபிக்க உட்காருவதில்லை, சரியாகப் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் காரணம் வேறெங்கும் தேட வேண்டாம் என்று நினைக்கிறேன்.

பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இயேசு அந்தக் கணக்கையே ஏற்கவில்லை. யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் புத்தகத்தில் அவர்கள் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதான். காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கரு கலைவதற்கு மருத்துவக் காரணங்கள் பல உண்டு, சில சமயம் காரணம் தெரியாமலே போவதும் உண்டு. ஐந்தாம் மாதத்தில் நடந்திருப்பதால், அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்கும் முன் மகப்பேறு மருத்துவரிடம் இருவரும் சேர்ந்து போய், பரிசோதனை ஏதாவது தேவையா என்று கேளுங்கள்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அவரிடம் போய், “நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்று சொல்லுங்கள். கூடவே ஒரு வசனத்தையும் சேர்த்துச் சொல்லாதீர்கள். அவர் அழுதால் அழட்டும், திட்டினால் திட்டட்டும். தூக்கமின்மை, சாப்பிடாமல் இருப்பது, எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது எல்லாம் மாதக்கணக்கில் நீடிக்கிறது என்றால் மனநல ஆலோசனை தேவை. அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். உபவாச ஜெபம் செய்கிறோமே, இது எதற்கு என்று கேட்காதீர்கள். ஜெபமும் இருக்கட்டும், சிகிச்சையும் இருக்கட்டும்.

“யோபுவின் மனைவி” என்று எழுதியிருக்கிறீர்கள். நான் உங்களுக்கு வேறொரு பெண்ணைக் காட்டுகிறேன். 1 சாமுவேல் 24-ல் தாவீது எங்கேதி குகையில் சவுலைக் கொல்லாமல் விடுகிறார். அதைப் பற்றிப் பிரசங்கம் கேட்காத தமிழ்க் கிறிஸ்தவர் இருக்க மாட்டார். அடுத்த அதிகாரத்தை யாரும் அவ்வளவாக எடுப்பதில்லை. அதே தாவீது, நாபால் சாப்பாடு தர மறுத்து ஏளனமாகப் பேசினான் என்பதற்காக, நானூறு பேரோடு பட்டயம் கட்டிக்கொண்டு, அந்த வீட்டில் ஒரு ஆண்பிள்ளை மிஞ்சக் கூடாது என்று கிளம்புகிறார். ராஜாவின் விஷயத்தில் பொறுமையாக இருந்தவர் ஒரு பணக்கார முரடனின் பேச்சில் நிலை தடுமாறுகிறார். அவரை வழியில் மறித்து நிறுத்தியது ஒரு பெண். நாளைக்கு நீங்கள் இஸ்ரவேலுக்கு அதிபதியாகும்போது, வீணாக இரத்தம் சிந்தினோமே என்ற மன உறுத்தல் உங்களுக்கு இருக்கக் கூடாது என்கிறாள் நாபாலின் மனைவி அபிகாயில். தாவீது அவளுடைய யோசனையை ஆசீர்வதித்துத் திரும்பிப் போகிறார். அந்த நாள் தாவீதுக்கு வைத்த சோதனை, ஒரு பெண் மறித்தபோது நின்று கேட்கிறாரா என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. “வேலையை விட வேண்டாம்” என்று சொல்லும் உங்கள் மனைவியை எந்தப் பெண்ணோடு சேர்ப்பது என்பதை நீங்கள் மறுபடி யோசிக்க வேண்டும்.

அந்த 22,000 ரூபாய்

திருப்பி வைத்துவிட்டீர்கள், முழுசாக வைத்தீர்கள், அவசரத்துக்குத்தான் எடுத்தீர்கள். எல்லாம் சரி. ஆனாலும் அது முடிந்துபோன விஷயம் இல்லை. நம்பி ஒப்படைத்த பணத்தைச் சொந்தச் செலவுக்கு எடுப்பது, திருப்பிக் கொடுத்தாலும் சட்டத்தின் கண்ணில் நம்பிக்கை மோசடியாகப் பார்க்கப்படலாம். கணக்கு வேலை பார்ப்பவர், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் அலுவலகத்தில் கேஷியர் இப்படிச் செய்தால் ‘திருப்பி வைத்துவிட்டார், விட்டுவிடலாம்’ என்று எழுதிக் கொடுப்பீர்களா?

எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகச் சபைகளில் சேர்த்த காணிக்கையைக் கொண்டுபோகும்போது பவுல் எப்படி நடந்துகொண்டார் என்று 2 கொரிந்தியர் 8-ல் இருக்கிறது. தன்னோடு பயணம் செய்யச் சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரையும் சேர்த்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமில்லாமல் மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்க வேண்டும் என்பதை அவரே காரணமாகச் சொல்கிறார். பவுலே தனியாகப் பணத்தைத் தொட விரும்பவில்லை. உங்கள் சபையில் மூன்று வருடம் ஒருவர் மட்டும் எண்ணி, ஒருவரே எழுதி, ஒருவரே வைத்திருந்திருக்கிறார். அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் மேலும் தவறு உண்டு.

நீங்கள் இவ்வளவு வருடமாக ஒரு அழைப்புக்காகக் காத்திருந்தீர்கள். பொறுப்பு எப்போதோ உங்கள் கைக்கு வந்துவிட்டது. விதவைகள் போட்ட பத்து ரூபாயும் இருபது ரூபாயும் இருந்த பை உங்களிடம் இருந்தது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் உங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். “கொஞ்சத்திலே உண்மையுள்ளவன்” என்ற வசனம் லூக்கா 16-ல் வருவது பணத்தைப் பற்றிப் பேசும் இடத்தில்தான் என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே பாஸ்டரிடமும், சபைக் கமிட்டி இருந்தால் அதில் ஒருவரிடமும், நீங்களாகவே சொல்லிவிடுங்கள். கணக்கை வெளியாள் ஒருவர் தணிக்கை செய்யட்டும் என்று நீங்களே கேளுங்கள். இனி இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, இரண்டு கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமையே வங்கியில் கட்டும் முறை வரட்டும். இதில் ஆபத்து இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கணக்குப் பொறுப்பை எடுத்துவிடலாம், சிலர் பேச்சை நிறுத்தலாம், அந்த 2019 தீர்க்கதரிசனம் இன்னும் தள்ளிப்போனதாகத் தோன்றலாம். பாஸ்டர் இதையே ஆயுதமாக்கி உங்களை அடக்கப் பார்த்தால் என்ன செய்வது என்ற பயமும் நியாயமானது. அதனால் எடுத்த தேதி, திருப்பி வைத்த தேதி, தொகை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, கொடுக்கும்போது ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு வரலாம் என்ற பயம் இருந்தால் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். ஆனால் இதை மறைத்துக்கொண்டு ஆறு குடும்பங்களுக்கு மேய்ப்பனாக முடியாது. அங்கேயும் முதல் வாரமே காணிக்கைப் பை உங்கள் கைக்குத்தான் வரும்.

பாஸ்டரிடம் நீங்கள் கேட்கக்கூடியவை

நீங்களும் கேள்வி கேட்க உரிமையுள்ளவர். சபையில் பொறுப்புக்கு ஆளைச் சோதிப்பது ரகசியமான காரியம் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. அப்போஸ்தலர் 6-ல் பந்தி விசாரணைக்கு, அதாவது உணவுப் பங்கீட்டைக் கவனிக்க, ஏழு பேர் வேண்டியிருந்தபோது தகுதிகளை வெளிப்படையாகச் சொன்னார்கள். ஆட்களைத் தெரிந்தெடுத்தது சபை. 1 தீமோத்தேயு 3-ல் பட்டியலே இருக்கிறது. அதை எடுத்துப் பாருங்கள்: குடி, பண ஆசை, கோபம், வீட்டை நடத்தும் விதம், வெளியாட்களிடம் நற்சாட்சி. திறமை என்று பார்த்தால் போதிக்கத் தெரிந்திருப்பது ஒன்றுதான். தரிசனமும் தீர்க்கதரிசனமும் அந்தப் பட்டியலில் இல்லை. உதவிக்காரர் முன்னதாகச் சோதிக்கப்பட வேண்டும் என்றும், ஒருவன்மேலும் அவசரப்பட்டுக் கைவைத்து நியமிக்கக் கூடாது என்றும் அதே நிருபத்தில் இருக்கிறது. இது உங்களுக்கும் பொருந்தும், இரண்டு வருடத்தில் உதவிப் பாஸ்டரான மருமகனுக்கும் பொருந்தும்.

சி.எஸ்.ஐ., லுத்தரன் போன்ற சபைகளில் இதற்கென்று ஒரு வழி இருக்கிறது. சபையின் பரிந்துரை, தேர்வுக் குழு, மதுரை அரசரடி போன்ற இடத்தில் இறையியல் படிப்பு, சி.எஸ்.ஐ.யில் முதலில் உதவி குருவாகச் சில காலம், அப்புறம்தான் குருப்பட்டம். அங்கேயும் அரசியல் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் எந்தப் படியில் நிற்கிறோம் என்றாவது ஒருவருக்குத் தெரியும். தனிச் சபைகளில் பெரும்பாலும் பாஸ்டர் மனசில்தான் எல்லாம். அதனால் நேரடியாகக் கேளுங்கள்: என்னிடம் எது குறை? அதை யார், எப்படிப் பார்ப்பார்கள்? நான் படிக்க வேண்டுமா? எவ்வளவு காலத்துக்குப் பிறகு மறுபடி பேசுவோம்? “கர்த்தர் இன்னும் புடமிடுறார்” என்பது இந்தக் கேள்விகளுக்குப் பதில் ஆகாது. குறையைச் சொன்னால் அமைதியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வருடம் கழித்தும் அதே மழுப்பல்தான் என்றால், வேறு சபைக்கு மாறுவது மீறுதல் இல்லை.

காத்திருந்தவர்கள் என்று சொல்லும்போது தரங்கம்பாடி ஆரோன் ஞாபகம் வருகிறார். 1718-ல் ஞானஸ்நானம் பெற்றவர், 1733-ல் குருப்பட்டம் பெற்றார். இந்தியர்களில் முதல் புராட்டஸ்டண்ட் குருவானவர் அவர்தான். இடையில் பதினைந்து வருடம். பொறுமைக்கு உதாரணமாக மட்டும் அவரைச் சொல்லிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காது. அந்த வருடங்களில் அவர் உபதேசியாராக ஊர் ஊராகப் போய் ஜனங்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். குருப்பட்டம் வராமலே போயிருந்தாலும் அந்த வேலை வேலைதான்.

தீர்க்கதரிசனத்தைப் பற்றிச் சுருக்கமாக: தீர்க்கதரிசனம் சொல்லப்படும்போது மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்கிறது 1 கொரிந்தியர் 14:29. உங்களைத் தெரியாத ஒருவர், கூட்டத்தில், ஒருமுறை சொன்னது அது. தூக்கி எறிய வேண்டாம், அதன்மேல் வீடும் கட்ட வேண்டாம்.

வேலையும் அந்த ஆறு குடும்பங்களும்

வேலையை இப்போது விடாதீர்கள். பவுல் கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்துகொண்டே பிரசங்கித்தார். அதனால் அவர் பாதி ஊழியர் ஆகிவிடவில்லை. ஆறு குடும்பங்களின் தசமபாகத்தில் உங்கள் குடும்பம் நடக்காது. நடந்தாலும், அதில் இரண்டு குடும்பம் கோபித்துக்கொண்டு போனால் வீட்டு வாடகை நிற்கும் என்ற நிலையில் நீங்கள் அவர்களைக் கண்டித்துப் பேச முடியாது. தவிர, அவர்கள் ஏன் பிரிய நினைக்கிறார்கள் என்று கேட்டீர்களா? உங்கள் போதனைக்காகவா, பாஸ்டர் மேல் உள்ள மனத்தாங்கலுக்காகவா? மனத்தாங்கலில் கூடியவர்களுக்கு நாளைக்கு உங்கள் மேலும் மனத்தாங்கல் வரும். வெள்ளிக்கிழமை ஜெபம் நடக்கட்டும், ஆனால் பாஸ்டருக்குத் தெரிந்து நடக்கட்டும். தனிச் சபை பற்றிய பேச்சைக் குறைந்தது ஒரு வருடத்துக்கு எடுக்க வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள். அதற்கே சிலர் வராமல் நின்றுவிடலாம்.

வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் மனைவியிடம் பேசுங்கள், பணத்தைப் பற்றியும் சேர்த்து. அந்த மருத்துவமனைப் பணம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே இன்னும் தெரியாது என்று கடிதத்திலிருந்து புரிகிறது. அவர் ஒப்புக்கொண்டால் பாஸ்டரைப் பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். காணிக்கை நோட்டும் அந்த மாதங்களுக்கான வங்கிப் பாஸ்புக்கும் கையில் இருக்கட்டும். ஞாயிறு ஆராதனை முடிந்த கூட்டத்தில் வேண்டாம். வார நாளில் ஒரு சாயங்காலம், முன்கூட்டியே நேரம் கேட்டுவிட்டுப் போங்கள்.